அரிசி ஆலைக்காரரின் காதும் அவரது கொழுப்பு அறிக்கையும்

கிழக்கிலங்கையின் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளில் நீண்ட காலம் வேலை செய்தவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு வரும்போது, பெயரை இரண்டாம் முறையும் உரத்துக் கூப்பிட வேண்டியிருப்பது எங்கள் ஆய்வுகூடத்தில் எவருக்கும் புதினமல்ல. அண்மைக் காலமாக அவர்களில் சிலர் ஒரு கேள்வியையும் கூடவே கொண்டுவருகிறார்கள். "தங்கச்சி, கொலஸ்ரோல் கூடினாக் காதும் கேக்காமப் போகுமாமே, மெய்தானா?" என்று கேட்கிறார்கள். யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் ஆலையின் கணக்குப்பிள்ளை சொன்னதாகவோ முதலாளி சொன்னதாகவோ பதில் வருகிறது. கேள்வி பிழையானதல்ல, ஆராய்ச்சியாளர்களும் அறுபது வருடங்களுக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்விதான் அது. ஆனால் அதை ஒரு முதலாளி ஏன் கேட்கவைக்கிறார் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். காது, மூக்கு, தொண்டை வைத்தியர் அல்ல. என்றாலும் கொழுப்பு அறிக்கை என் கையெழுத்தோடு போவது என்பதால், அந்தத் தாள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று பட்டது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலைக்காரரின் காதைக் கெடுப்பது இரைச்சல். இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு அந்தக் கேட்டுக்குத் துணைபோகக்கூடும். துணைபோவதை முதற்குற்றவாளியாக்கி, இயந்திரத்தை வழக்கிலிருந்து விடுவிப்பது தொழிலாளிக்குச் செய்யும் அநியாயம்.

உட்காதில் நத்தைச்சுருள் என்னும் எலும்புக் குழாய் இருக்கிறது. அதனுள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 3,500 உட்புற மயிர்க்கலங்களும் 12,000 வெளிப்புற மயிர்க்கலங்களும் வரிசையாக அமைந்துள்ளன. ஒலியை நரம்புக்கு அறிவிக்கும் வேலையைப் பெரும்பாலும் உட்புறக் கலங்கள் செய்கின்றன. வெளிப்புறக் கலங்கள் நீண்டும் குறுகியும் மெல்லிய ஒலிகளைப் பெருப்பித்துக் கொடுக்கின்றன. அடுத்தடுத்த மீடிறன்களை (ஒலியின் அதிர்வெண்களை) நாம் வேறுபிரித்து உணர்வதும் அவற்றின் தயவால்தான். இரைச்சலில் முதலில் அடிபடுபவை இந்த வெளிப்புறக் கலங்களே. தோல் உரிந்தால் புதுத்தோல் வரும், எலும்பு முறிந்தால் பொருந்தும். மனிதக் காதில் மயிர்க்கலம் ஒன்று செத்தால் அந்த இடத்தில் இன்னொன்று முளைப்பதில்லை.

ஆலைக்குள் நின்று பார்த்தவர்களுக்கு இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. நெல் கொட்டும் குழியிலிருந்து எலிவேட்டர் வாளிகள் தகரக் குழாயில் உரசிக்கொண்டு மேலேறும்; சல்லடை குலுங்கும்; கல் பிரிக்கும் தட்டு அதிரும்; றப்பர் உருளைகள் உமியை உரிக்கும்; புளோவர் அந்த உமியை ஊதிச் சுவருக்கு வெளியே தள்ளும்; பொலிஷர் அரிசியைத் தீட்டும்; கறுத்த மணிகளைக் காற்றடித்துத் தட்டிவிடும் சோட்டர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொம்பிரசர் ஓயாமல் உறுமும். கூரை தகரம், சுவர் சீமெந்து. எழும் ஒலி வெளியேற வழியின்றித் திரும்பத் திரும்ப உள்ளேயே விழுகிறது. அங்கே யாரும் வாயால் கதைப்பதில்லை. இரண்டு விரலைக் காட்டினால் இரண்டாம் எலிவேட்டரை நிறுத்து என்று அர்த்தம். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் உமி அடைத்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் கைப்பாஷை ஓர் ஆலையில் நன்றாக வளர்ந்திருக்கிறது என்றால், அங்கே ஒலியின் அளவைக் காட்டும் டெசிபெல் மானி இல்லாமலேயே நிலைமையை ஊகித்துவிடலாம். ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்திக் கதைக்க வேண்டியிருந்தால் அவ்விடத்து இரைச்சல் 85 டெசிபெல்லை அண்மித்துவிட்டது என்பது தொழிற்சுகாதாரத் துறையினர் நெடுங்காலமாகக் கையாளும் அடையாளம்.

அந்த 85 ஏன் முக்கியம் என்றால், அமெரிக்காவின் தேசிய தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குப் பரிந்துரைக்கும் மேலெல்லை அதுதான். டெசிபெல் சாதாரணக் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. மூன்று டெசிபெல் கூடினால் ஒலிச்சக்தி இரட்டிக்கிறது. ஆகவே 88 இல் நான்கு மணி நேரம், 91 இல் இரண்டு மணி நேரம், 94 இல் ஒரு மணி நேரம், 100 இல் கால் மணி நேரம் என்று அனுமதிக்கத்தக்க நேரம் சுருங்கிக்கொண்டே போகிறது. இப்போது எங்கள் அறுவடைக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் வட்டைகளிலிருந்து நெல் குவியும்போது ஆலைகள் இரவு பகலாக ஓடும். பன்னிரண்டு மணி நேர வேலைமுறை (ஷிப்ட்) வழமையானது. 90 டெசிபெல் இரைச்சலில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர், மேற்சொன்ன கணக்கின்படி, ஒரு நாளுக்குரிய அளவைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு இரைச்சலை வாங்கிக்கொண்டு வீடு போகிறார். அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில் இன்னும் இருக்கும் பழைய, தளர்ந்த கணக்கின்படி பார்த்தால் அதே மனிதர் வாங்கியது ஒன்றரை மடங்குதான். எந்த அளவுகோலைப் பிடிக்கிறோம் என்பதில் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதை, கொழுப்பைப் பற்றி விவாதிக்கத் தொடங்குமுன் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இரைச்சலால் வரும் கேள்திறன் இழப்பு ஒரே நாளில் தெரிவதில்லை. ஒவ்வொரு மீடிறனிலும் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஓடியோகிராமில் அது முதலில் 4,000 ஹேர்ட்ஸ் அளவில், சில வேளை 3,000 இலோ 6,000 இலோ, ஒரு பள்ளமாக விழுகிறது. 8,000 இல் கோடு ஓரளவு மீண்டு நிற்கும். முதுமையால் வரும் இழப்பில் அப்படி மீள்வதில்லை, மேல் மீடிறன்களை நோக்கி ஒரே சரிவாகப் போகும். மனிதப் பேச்சின் உயிரொலிகள் தாழ்ந்த மீடிறன்களில் இருப்பதால், பள்ளம் விழுந்த பிறகும் வருடக்கணக்கில் "எனக்குக் கேட்குது" என்றே அவர் சொல்லிக்கொண்டிருப்பார். மெய்யொலிகள்தான் தேய்ந்திருக்கும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோயில் மணியும் நன்றாகக் கேட்கும். பேத்தி சொன்னது பத்தா பட்டா என்று விளங்காது. கடைசியில் வீட்டாருக்குத்தான் கோபம் வரும், தொலைக்காட்சிச் சத்தம் தாங்க முடியவில்லை என்று.

இனிக் கொழுப்புக்கு வருவோம். உட்காதுக்கு இரத்தம் கொண்டுபோவது ஒரேயொரு சிறிய நாடி; பெரும்பாலானவர்களில் அது சிறுமூளைக்குப் போகும் நாடியொன்றிலிருந்து பிரிகிறது. இதயத்திலோ கையிலோ ஒரு பாதை குறுகினால் பக்கத்துக் கிளைகள் ஓரளவு ஈடுகட்டும். உட்காதின் நாடிக்கு அப்படிப்பட்ட மாற்றுக் கிளைகள் இல்லை. பட்டிப்பளை ஆற்று நீரை நம்பிய கடைசி வாய்க்காலின் கடைசி வயலை, வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானைமார் நன்கு அறிவார்கள். மேலே எங்கோ ஒரு மடையில் சேறு படிந்தால் முதலில் வெடிப்பது அந்த வயல்தான். நத்தைச்சுருளின் பக்கச் சுவரில் நுண்ணிய குருதிக் கலன்கள் நிறைந்த ஒரு பட்டை உண்டு. அது ஓயாமல் உழைத்து, உட்காதுத் திரவத்தை ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தில் வைத்திருக்கிறது. மயிர்க்கலங்கள் இயங்குவது அந்த மின்னழுத்தத்தின் பலத்தில். ஒட்சிசன் வரத்துக் குறைந்தால் அந்தப் பட்டை தளர்கிறது, அதோடு கேள்திறனும் தளர்கிறது.

இரத்தத்தில் கொழுப்பு மிகும்போது நாடிச் சுவரின் உட்படை தன் நெகிழ்ச்சியை இழக்கிறது. இரத்தத்தின் பாகுத்தன்மையும் ஏறுகிறது. இரைச்சலோ தன்பாட்டிலேயே உட்காதின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, அதே வேளையில் மயிர்க்கலங்களுக்குள் தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் மூலக்கூறுகளை உற்பத்தியாக்குகிறது. அவை கல மென்சவ்விலுள்ள கொழுப்பை ஒட்சியேற்றி அழிக்கின்றன. இந்த அழிவு இரைச்சல் நின்ற பிறகும் சில நாட்கள் தொடர்வதை விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். வெளிப்புற மயிர்க்கலங்கள் நீண்டு குறுகுவதற்குக் காரணமான புரதம் மென்சவ்விலேயே பதிந்திருக்கிறது; அந்த மென்சவ்வில் கொலஸ்ரோல் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் செயற்பாடு மாறுகிறது என்பதும் ஆய்வுகூடங்களில் காட்டப்பட்டுள்ளது. ஆக, இரைச்சலும் கொழுப்பும் ஒரே கலத்தை இரு பக்கத்திலிருந்து நெருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு உடற்றொழிலியலில் இடம் இருக்கிறது. இடம் இருப்பது வேறு, அப்படித்தான் நடக்கிறது என்று மனிதரில் நிரூபிப்பது வேறு.

நிரூபிக்க முயன்றவர்களில் முந்தியவர் நியூயோர்க்கின் காது அறுவைச் சிகிச்சை நிபுணர் சாமுவேல் ரோசன். அவர் அன்றைய சூடானின் தென்கிழக்கில், எதியோப்பிய எல்லைப் பக்கத்தில் வாழ்ந்த மபான் மக்களிடம் போய்க் கேள்திறனை அளந்து, 1962 இல் முடிவுகளை வெளியிட்டார். இயந்திரச் சத்தமே அறியாத அந்த மக்களில் முதியவர்களுக்கும் காது மிக நன்றாகக் கேட்டது. வயதோடு அவர்களின் குருதி அமுக்கம் உயரவும் இல்லை. இரைச்சல் இன்மை காரணமா, எளிய உணவு காரணமா என்ற கேள்வி அங்கேயே பிறந்தது. பிறகு ரோசன் பின்லாந்துக்குப் போனார். ஹெல்சிங்கிக்கு அருகிலுள்ள இரண்டு மனநல வைத்தியசாலைகளில், இதயநோயைத் தடுக்க உணவிலுள்ள பால்கொழுப்பைக் குறைத்துச் சோயா எண்ணெய் கொடுக்கும் ஒரு நீண்ட பரிசோதனை 1959 முதல் நடந்துகொண்டிருந்தது. சில வருடங்களின் பின் இரு வைத்தியசாலைகளின் உணவும் ஒன்றுக்கொன்று மாற்றப்பட்டது. நிறைவுற்ற கொழுப்புக் குறைந்த உணவு உண்டவர்களின் கேள்திறன் மேலாக இருந்ததாக ரோசனும் சகாக்களும் 1970 இல் எழுதினார்கள். இந்த ஆய்வை நான் மதிக்கிறேன், ஆனால் அதன்மேல் முழுப்பாரத்தையும் ஏற்ற மாட்டேன். நோயாளிகளை ஒவ்வொருவராகக் குலுக்கிப் பிரிக்கவில்லை, வைத்தியசாலையை வைத்தே பிரித்தார்கள். அங்கே தங்கியிருந்தவர்களும் மாறிக்கொண்டிருந்தார்கள்.

பின்னர் பல நாடுகளில், குறிப்பாகக் கிழக்காசியத் தொழிற்சாலைகளில், தொழிலாளரின் வருடாந்தப் பரிசோதனைப் பதிவுகளை வைத்துக் கொழுப்பையும் கேள்திறனையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். சிலவற்றில் மொத்தக் கொலஸ்ரோல் தொடர்புடையதாகத் தெரிந்தது, சிலவற்றில் இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட், வேறு சிலவற்றில் நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைவு, இன்னும் சிலவற்றில் வயதைக் கணக்கில் எடுத்துக் கழித்தபின் தொடர்பே இல்லாமற் போனது. வயதுதான் இங்கே பெரிய சிக்கல். ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் முப்பது வருடம் ஆலையில் இருந்திருப்பார். அவருக்குக் கொழுப்பும் ஏறியிருக்கும், காதும் குறைந்திருக்கும். இருபத்தைந்து வயதுக்காரருக்கு இரண்டும் இருக்காது. இருவரையும் ஒரு வரைபடத்தில் போட்டால் கொழுப்பு காதைக் கெடுத்ததுபோல் ஒரு கோடு தானாகவே விழும்.

எங்கள் ஆலைகளின் வேலைப் பங்கீட்டைப் பார்த்தால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. மூட்டை சுமப்பவர்கள் இரைச்சலுக்குள் போய்வருவார்கள், ஆனால் அந்த உடலுழைப்பால் பலருக்கு எச்.டி.எல். நன்றாகவே இருக்கும். கணக்கறையில் இருப்பவருக்கு வயிறும் ட்ரைகிளிசரைட்டும் சேர்ந்து வளரும், காது தப்பிவிடும். பொலிஷரையும் சோட்டரையும் பார்த்துக்கொள்ளும் இயக்குநர்தான் இரண்டு ஆபத்தும் ஒன்றாகக் கூடும் இடத்தில் இருக்கிறார்: உரத்த இயந்திரத்தின் அருகிலேயே ஸ்டூல் போட்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார், நித்திரையை விரட்டச் சீனி போட்ட பால்தேத்தண்ணியும் சிகரெட்டும் அவருக்குத் துணை. சிகரெட் எச்.டி.எல்லைக் குறைக்கும், காதுக்கும் அது தனியாகவே ஓர் ஆபத்து. இரைச்சலும் இரவு வேலையும் குருதி அமுக்கத்தை ஏற்றுகின்றன. காதிரைச்சல் தாங்காமல் வேலையை விட்டுப் போனவர்கள் எந்த ஆலைப் பதிவிலும் இருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இவற்றுள் எது எதற்குக் காரணம் என்பதை ஒரு நாளில் எடுத்த இரத்தத்தையும் ஒரு நாளில் எடுத்த ஓடியோகிராமையும் வைத்துப் பிரித்துவிட முடியாது.

என் வேலை சார்ந்த இன்னொரு விடயம் இருக்கிறது. அதை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அரை வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரவு முறை முடிந்து நேரே ஆய்வுகூடத்துக்கு வருபவரிடம் "காக்கா, ஒண்டும் சாப்பிடல்லயே?" என்று கேட்டால், "இல்ல தங்கச்சி, தேத்தண்ணி மட்டுந்தான்" என்பார். இன்னும் கொஞ்சம் விசாரித்தால் அது விடிய நாலு மணிக்குக் குடித்த பால்தேத்தண்ணி என்றும், அதோடு இரண்டு பணிஸும் போனது என்றும் தெரியவரும். நோன்பு மாதத்தில் சஹர் சாப்பாட்டை முடித்துவிட்டு, நோன்போடுதானே இருக்கிறேன் என்று காலை எட்டு மணிக்கு இரத்தம் கொடுக்க வருபவர்களும் உண்டு. குழாயை மையநீக்கியில் சுழற்றி எடுத்ததும் விடயம் வெளித்துவிடும். தெளிந்த வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டிய சீரம், சிவந்த கலங்களுக்கு மேலே வெண்மையாகக் கலங்கி, பின்னால் பிடித்த எழுத்தைக்கூடக் காட்டாமல் நிற்கும். சில வேளை அது சாப்பாட்டால் வந்தது, சில வேளை நோயால் வந்தது. இரண்டையும் பிரிக்க மறுநாள் மீண்டும் வரச்சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

இதனால் அறிக்கையில் என்ன மாறுகிறது என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு போதும். பல ஆய்வுகூடங்களில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்லை நேரடியாக அளப்பதில்லை. 1972 இல் பிரீட்வால்டும் சகாக்களும் வெளியிட்ட சூத்திரத்தால் கணிக்கிறோம். மொத்தக் கொலஸ்ரோலிலிருந்து எச்.டி.எல்லையும், ட்ரைகிளிசரைட்டின் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். ஒருவருக்கு, ஒரு டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில், மொத்தக் கொலஸ்ரோல் 230, எச்.டி.எல். 36, வெறும்வயிற்றில் ட்ரைகிளிசரைட் 180 என்றால் எல்.டி.எல். 158 வரும். அதே மனிதர் பணிஸும் பால்தேத்தண்ணியும் உள்ளே போன பிறகு வந்து, ட்ரைகிளிசரைட் 320 ஆக ஏறியிருந்தால், எல்.டி.எல். 130 என்று அச்சாகும். சாப்பிட்டுவிட்டு வந்ததால் அவரது கெட்ட கொழுப்புக் குறைந்துவிட்டதுபோல் தாள் காட்டும். ட்ரைகிளிசரைட் 400 ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தவே கூடாது. மொத்தக் கொலஸ்ரோலையும் எச்.டி.எல்லையும் மட்டும் பார்க்கச் சாப்பாடு பெரிய தடையல்ல. ஐரோப்பிய நிபுணர்கள் 2016 இலேயே வழமையான பரிசோதனைக்கு வெறும்வயிறு கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ட்ரைகிளிசரைட்டுக்கும் காதுக்கும் தொடர்பு தேடும் ஒருவர், ஆலை வாசலில் முறை முடிந்து வருபவர்களிடம் எடுத்த இரத்தத்தை வைத்துக் கட்டுரை எழுதினால், அதை நான் இரண்டு தடவை வாசித்துத்தான் நம்புவேன்.

கேட்டல் பரிசோதனைக்கும் இதே மாதிரியான ஆயத்தம் தேவைப்படுகிறது. பலத்த இரைச்சலில் இருந்து வந்த உடனே காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும்; பல மணி நேரத்தில் அது ஓரளவோ முழுவதுமாகவோ மீளும். அதனால்தான் அமெரிக்க விதிகள் முதலாவது ஓடியோகிராமுக்கு முன் 14 மணி நேரம் தொழில் இரைச்சலிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்கின்றன. இரவு முறை முடித்துப் பட்டினியாக வருபவரின் இரத்தம் ஒழுங்காக இருக்கும், காது பிழையாகக் காட்டும். கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் விடுமுறையில் வருபவரின் காது ஒழுங்காக இருக்கும், இரத்தம் பிழையாகக் காட்டும். இரண்டையும் ஒரே நாளில் எடுப்பதானால் முதல் நாள் ஆலைக்குப் போகாமல், இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்துக்கொண்டு, காலையில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வர வேண்டும். வருகிற வழியில் காதில் ஹெட்செட் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தால் 14 மணி நேரப் பொறுமை வீணாகிவிடும். இளம் தம்பிமாருக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு முதலாளியின் கூற்றுக்குத் திரும்பலாம். இருபது வருடத்துக்கு மேல் ஓர் ஆலையில் பொலிஷருக்கு அருகில் நின்ற எங்கள் மாமா ஒருவருக்குக் காது மந்தமானபோது, அவரது கொழுப்பு அறிக்கையைக் கையில் எடுத்து, "உங்களுக்குக் கொலஸ்ரோல் கூடவாம், அதாலதான் கேக்கல்ல, கொழுப்புச் சாப்பாட்டக் குறைங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அவரது மொத்தக் கொலஸ்ரோல் எல்லையைச் சற்றே தாண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் அவரது வயதில், அதே அளவு கொழுப்போடு, கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் எத்தனையோ பேருக்கு 4,000 ஹேர்ட்ஸில் இரு காதிலும் ஒரே அளவாகப் பள்ளம் விழவில்லை. அந்தப் பள்ளம் இரைச்சலின் கையெழுத்து. கொழுப்பு அறிக்கையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அங்கே அந்தக் கையெழுத்தைக் காண முடியாது.

இது வெறும் வாய்ச்சண்டை அல்ல. இலங்கையில் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 இலிருந்து இருக்கிறது, தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 இலிருந்து இருக்கிறது, தேசிய தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. இவற்றின் துணையோடு ஒரு தொழிலாளி எதையாவது கேட்கப் போனால், காரணம் வேலையா, உடம்பா என்பதே முதல் விவாதமாக வரும். வேலைக்குச் சேர்ந்த காலத்து ஓடியோகிராம் ஒன்றும் இல்லாமல், அண்மைக் காலத்துக் கொழுப்பு அறிக்கை மட்டும் கோப்பில் கிடந்தால் அந்த விவாதம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. கொழுப்புள்ள தொழிலாளியின் காது இரைச்சலை மற்றவர்களைவிடக் குறைவாகவே தாங்கும் என்பது உண்மையாகவே இருந்தாலும், அதிலிருந்து வரும் நியாயமான முடிவு அவருக்கு அதிகப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்பதுதான். கையை விரிப்பதற்கு அது எப்படிக் காரணமாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

கொழுப்பைக் குறைக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மொத்தக் கொலஸ்ரோல் 200 க்குக் கீழ், ட்ரைகிளிசரைட் 150 க்குக் கீழ், ஆண்களில் எச்.டி.எல். 40 க்கு மேல், பெண்களில் 50 க்கு மேல் என்ற அளவுகள் இதயத்துக்காக வகுக்கப்பட்டவை. அந்தக் காரணம் ஒன்றே போதுமானது. தெற்காசியர்களிடம் எச்.டி.எல். குறைந்தும் ட்ரைகிளிசரைட் கூடியும் இருப்பது வழமை. எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னதும் தேங்காய்ப்பாலையும் எருமைத் தயிரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதும், எருமைப்பாலில் பசுப்பாலைவிட ஏறக்குறைய இரு மடங்கு கொழுப்பு என்பதும் சரிதான், எல்.டி.எல். கூடியவர் இரண்டையும் அளவோடு வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ட்ரைகிளிசரைட்டை ஏற்றுவது பெரும்பாலும் குவியலாகப் போட்ட வெள்ளைச் சோறும், தயிர்மேல் ஊற்றும் பாணியும், சீனித் தேத்தண்ணியும், சிலருக்குச் சாராயமும்தான். இரவு முறையில் பத்து மணிக்குக் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு ஸ்டூலில் உட்காரும் ஒருவருக்குத் தயிரை நிறுத்தி ஆகப்போவது அதிகமில்லை. தயிருக்காக இவ்வளவு வாதாடுவதற்கு நான் தயிருக்குப் பெயர்போன மட்டக்களப்பில் பிறந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாற்றின் மாத்திரைகள் காதைக் காக்குமா என்றும் கேட்கிறார்கள். விலங்குகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்துள்ளன. தொழிலாளரின் காதைக் காப்பதற்கென்று அவற்றைக் கொடுக்கும் நிலைக்கு மருத்துவம் இன்னும் வரவில்லை. வைத்தியர் இதயத்துக்காகக் கொடுத்தால் ஒழுங்காகப் போட வேண்டும். காதுக்காகப் பாமசியில் தானாக வாங்கிப் போடக் கூடாது. ஜேர்மனியில் திடீர்ச் செவிட்டுத்தன்மை வந்தவர்களின் இரத்தத்தை இயந்திரத்தில் செலுத்தி எல்.டி.எல்லையும், இரத்தத்தை உறையவைக்கும் புரதமான பைபிரினோஜினையும் வடித்தெடுக்கும் சிகிச்சையைப் பரிசோதித்து 2002 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழமையான சிகிச்சைக்கு அது குறைந்துபோகவில்லை. ஆனால் திடீர்ச் செவிட்டுத்தன்மை வேறு நோய். ஒரு காது ஓரிரு நாளுக்குள் சட்டென்று கேட்காமற் போனால் அதை ஆலைச் சத்தம் என்றோ குறும்பி என்றோ எண்ணிக் காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிகிச்சைக்குப் பலன் கிடைப்பது முதல் இரு வாரங்களுக்குள்தான் அதிகம்.

இரைச்சலைக் குறைப்பதற்கு வெளிநாட்டு இயந்திரம் வேண்டும் என்பதில்லை. தேய்ந்த பெயாரிங்கை மாற்றுவது, தளர்ந்த பெல்ட்டை இறுக்குவது, ஆடும் தகரத்துக்கு ஆணி போடுவது, அதிரும் அடித்தளத்துக்கு றப்பர் வைப்பது, கொம்பிரசரைச் சுவருக்கு வெளியே தனிக் கொட்டிலில் வைப்பது ஆகியவை எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடியவை. இயந்திரத்தின் ஆயுளுக்கும் நல்லவை. காதில் பஞ்சு அடைப்பது மனத்திருப்திக்குத்தான் உதவும், அது தடுப்பது மிகச் சில டெசிபெல் மட்டுமே. மென்பஞ்சு இயர்பிளக்கை விரலால் உருட்டி ஒடுக்கி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடமாவது விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் போடாத கணக்குத்தான். உமித்தூசி படிந்த கையால் உருட்டிக் காதில் புண் வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். கை கழுவ முடியாத இடத்தில் கழுவிப் பாவிக்கும் சிலிக்கன் வகை நல்லது. எவ்வளவு நல்ல இயர்பிளக்காக இருந்தாலும் முறையின் பாதி நேரம் கழற்றி வைத்திருந்தால் கிடைக்கும் பாதுகாப்பு மொத்தத்தில் மூன்று டெசிபெல்லைத் தாண்டாது. இது பலருக்கு நம்ப முடியாத கணக்காக இருக்கிறது, ஆனால் இரட்டிக்கும் விதி அப்படித்தான் வேலை செய்கிறது.

பரிசோதனைக்கு ஏற்ற காலம் எங்கள் பக்கத்தில் தானாகவே அமைகிறது. சிறுபோக நெல் குற்றி முடிந்து, பெரும்போக அறுவடை தொடங்குமுன், கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் பல ஆலைகள் வேகம் குறைந்து நிற்கும். காதுக்கு ஓய்வு கிடைக்கும், விடுப்பும் கிடைக்கும். அரச வைத்தியசாலைகளோடு இணைந்த ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் குருதி அமுக்கத்தையும் சீனியையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். கொழுப்புப் பரிசோதனைக்கும் அங்கேயே வழி கேட்கலாம். காதுக்கு ஓ.பி.டி. வைத்தியரிடம் சொல்லி, காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கடமைகளில் தொழிற்சுகாதாரமும் அடங்கும் என்பதால் ஆலையின் இரைச்சலைப் பற்றி அவரிடமும் முறையிடலாம். இரண்டு அறிக்கைகளும் கிடைத்ததும் ஒரே கிளினிக் கொப்பியில் ஒட்டி, அதே பக்கத்தில் எந்த ஆலை, எந்த இயந்திரத்தருகில், எந்த வருடத்திலிருந்து, ஒரு முறைக்கு எத்தனை மணி நேரம், இயர்பிளக் போட்டாரா என்பதையும் நீங்களே பேனையால் எழுதிவையுங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கத்தை விரித்துக் கொடுங்கள். எங்கள் ஆய்வுகூடப் படிவத்தில் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. வேலை செய்யும் இடத்துக்குக் கட்டம் இல்லை. அதைச் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன். படிவம் மாறும் வரை, ஆலையிலிருந்து வருபவர்களின் தாளின் ஓரத்தில் அதைக் கையால் எழுதி அனுப்புகிறேன்.